இலைத் தேயிலைக்கு எந்தக் கோப்பை? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் எங்கள் கடையில் வழக்கமான தூளோடு, பதுளைப் பக்கத்திலிருந்து வரும் முழு இலைத் தேயிலையையும் நிறுத்து விற்கிறோம். வாங்கிப் போனவர்கள் அடுத்த கிழமை வந்து தேயிலையைப் பற்றிக் கேட்பது குறைவு. கோப்பையைப் பற்றிக் கேட்பதுதான் கூட. ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று எங்கிருந்து வந்தாலும் சந்தேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

"இவ்வளவு காலமும் தூள்தான் போட்டம். இலைத் தேயிலைக்கு வேற கோப்பை வேணுமா தம்பி?"

பெரும்பாலும் வேண்டாம். வீட்டில் இருப்பதிலேயே ஒன்று சரிவரும், எதைப் பார்த்து எடுப்பது என்று தெரிந்தால் போதும்.

டஸ்ட், பி.ஓ.பி.எப். போன்ற தூள் வகைகள் மிகச் சின்னத் துணிக்கைகள். கொதிதண்ணீர் பட்டவுடனே சாயம் இறங்கிவிடும், வடியில் வடித்தால் வேலை முடிந்தது. ஓ.பி., ஓ.பி.1 என்று விற்கும் பெரிய இலை அப்படியில்லை. அது நீளமாக முறுக்கிக் காய்ந்த இலை. தண்ணீருக்குள் முறுக்கு அவிழ்ந்து, ஊதி, விரிந்த பிறகுதான் ருசி முழுதாக வெளியே வரும். அதற்கு இடமும் வேண்டும், நேரமும் வேண்டும், அந்த நேரம் முழுக்கச் சூடும் வேண்டும்.

ஆகவே கோப்பையில் மூன்று விஷயம் பாருங்கள். இலை விரிய இடம் இருக்கிறதா? மேலே எதையாவது வைத்து மூட முடியுமா? நேரம் வந்ததும் இலையையும் சாயத்தையும் பிரிக்க வழி இருக்கிறதா? பூவும் பொன் விளிம்பும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"எத்தினை அளவுக் கோப்பை நல்லம்? சின்னதும் இருக்கு, பெரிய மக்கும் இருக்கு."

ஒருவர் குடிக்க 200 முதல் 250 மில்லிலீற்றர் பிடிக்கும் கோப்பை நல்ல அளவு. எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாவிட்டால், குழந்தைகளுக்குப் பாணி மருந்து அளக்கும் மூடியாலோ, அளவு போட்ட பால் போத்தலாலோ ஒருமுறை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பலர் 200 என்று நினைத்திருக்கும் மக் 350 பிடிக்கும். அதற்கு ஒரு கரண்டி இலை போட்டுவிட்டு "சாயமே இல்லை" என்று தேயிலையைக் குறை சொல்கிறார்கள்.

தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேச முறை 1980 இல் வந்தது. 100 மில்லிலீற்றர் கொதிதண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்பது அதன் கணக்கு. தேயிலையின் குறை நிறை எல்லாம் தெரியவேண்டும் என்பதற்காக வைத்த கடுமையான அளவு அது. வீட்டில் ஆறுதலாகக் குடிக்க 200 மில்லிலீற்றருக்கு 2 அல்லது இரண்டரைக் கிராம் போட்டு, 3 முதல் 5 நிமிடம் விட்டால் காணும். பெரிய இலை கரண்டியில் அடர்த்தியாக நிற்காது. தூளுக்குத் தட்டையாக எடுக்கும் தேக்கரண்டியை இதற்குக் குவித்து எடுங்கள்.

"இலையைக் கோப்பைக்குள்ளேயே போட்டு ஊத்த ஏலுமா? பிறகு வாயில வருமே?"

ஏலும். மூன்று வழி சொல்கிறேன்.

முதலாவது, இரண்டு கோப்பை முறை. ஒன்றில் இலை போட்டு ஊற வைத்து, வீட்டில் இருக்கும் தேயிலை வடியால் மற்றதில் வடிப்பது. புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை, இலைக்கும் முழுக் கோப்பையும் இடம். தொடங்குகிற எல்லாருக்கும் நான் இதையே சொல்கிறேன். இரண்டாவது, கோப்பையின் வாயில் தொங்கி அடிவரை இறங்கும் வலைக்கூடை. நேரம் வந்ததும் தூக்கி எடுத்துவிடலாம். மூன்றாவது, சீனாவில் வழக்கமாகச் செய்வது போல உயரமான கிளாசில் இலையைப் போட்டு, அது அடியில் படிந்த பிறகு மேலிருந்து குடிப்பது. கால்வாசி மிஞ்சும்போது மறுபடி சுடுதண்ணீர் விடுவார்கள்.

மூன்றாவது வழி பெரிய இலைக்கு மட்டும். அதிலும் கறுப்புத் தேயிலையைக் கொஞ்சமாகப் போட்டால்தான் சரி, இல்லாவிட்டால் கடைசி மிடறு கயர்த்துப் போகும். பி.ஓ.பி. போன்ற உடைத்த இலையில் இதைச் செய்யவே வேண்டாம்.

"சங்கிலியில தொங்குற உருண்டை வலை ஒண்டு வாங்கினன். சாயம் நல்லா இறங்குதில்லையே?"

அந்த உருண்டைக்குள் இடம் இல்லை. காய்ந்த இலையை முக்கால்வாசி நிரப்பி மூடினால், அது ஊதத் தொடங்கியதும் ஒன்றோடொன்று நெரிந்துவிடும். வெளி இலையில் தண்ணீர் படும், நடு இலை அவியும். உருண்டையை உடைத்த இலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள்.

வலைக்கூடை வாங்குவதென்றால் அகலத்தைப் பாருங்கள். கோப்பையின் உள்வாய்க்குக் கிட்டத்தட்டச் சமமாகவும், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்துக்குள் இறங்குவதாகவும் இருக்கவேண்டும். கடைக்குப் போகும்போது கோப்பையையும் கையோடு கொண்டுபோங்கள். கூடை குட்டையாக இருந்தால் பாதித் தண்ணீர் இலையைத் தொடாமலே கீழே கிடக்கும்.

"மூடி கட்டாயமா?"

மூடுவது கட்டாயம், அதற்கென்று செய்த மூடி கட்டாயம் இல்லை. கோப்பையோடு வந்த சோசரைக் கவிழ்த்து வையுங்கள், அதைவிட நல்ல மூடி கிடையாது. தேயிலையின் வாசம் ஆவியோடு போய்விடும் பொருள். திறந்து வைத்தால் அந்த 4 நிமிடத்தில் குசினி மணக்கும், கோப்பை மணக்காது. சூடும் மேல்பக்கத்தால்தான் அதிகம் போகிறது. எங்கள் வீடுகளில் மின்விசிறி சுழன்றுகொண்டே இருப்பதால் இன்னும் வேகமாகப் போகும்.

"பீங்கான், கண்ணாடி, எவர்சில்வர். இதில எது திறம்?"

அன்றாடப் பாவனைக்கு என் பதில் பீங்கான். உள்ளே வெள்ளையாக, வழவழப்பாக இருப்பது. மேற்பூச்சு முழுதாக இருக்கும் பீங்கான் எதையும் உறிஞ்சாது, எந்த ருசியையும் சேர்க்காது, நேற்றுப் போட்ட இஞ்சியின் மணம் இன்றைக்கு வராது. வெள்ளை என்பதற்கும் காரணம் உண்டு. சாயத்தின் நிறத்தைப் பார்த்தே எப்போது எடுப்பது என்று கண் பழகிவிடும். தேயிலை ருசி பார்க்கும் இடங்களிலும் வெள்ளைப் பீங்கானைத்தான் வைத்திருக்கிறார்கள். மாத்தளையிலும் டங்கொட்டுவவிலும் நல்ல பீங்கான் நம் நாட்டிலேயே செய்கிறார்கள், வெளிநாட்டுப் பெட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கண்ணாடியும் ருசியைக் கெடுக்காது. இலை விரிவதைப் பார்க்க ஆசையுள்ளவர்களுக்கு அது தனி மகிழ்ச்சி. சூடு சீக்கிரம் போகும், கையும் சுடும், பிடி உள்ளதாக வாங்குங்கள்.

நல்ல எவர்சில்வரும் தேத்தண்ணியைக் கெடுப்பதில்லை. ஒற்றைச் சுவர் என்றால் உதடு சுடும். இரட்டைச் சுவர் என்றால் சூடு இறங்கவே இறங்காது. 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 65 பாகை செல்சியசுக்கு மேல் மிகச் சூடாகக் குடிப்பதை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பழக்கங்களில் சேர்த்தது. இரட்டைச் சுவர்க் கோப்பையில் குடிப்பவர்கள் மூடியைத் திறந்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

"போன முறை கொதிதண்ணி ஊத்தினதும் கிளாஸ் வெடிச்சிட்டு. ஏன் அப்படி?"

சூடு பட்ட உள்பக்கம் சட்டென்று விரியும், வெளிப்பக்கம் இன்னும் குளிராக இருக்கும். அந்த இழுபறியில் கண்ணாடி பிளந்துவிடும். தடித்த அடி உள்ள கிளாஸ்தான் பலம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், உண்மையில் தடித்ததில்தான் இந்த ஆபத்துக் கூட. குளிர்பானம் குடிக்கும் கிளாசுகளையும், ஜாம் முடிந்த போத்தல்களையும் இதற்கு எடுக்காதீர்கள்.

போரோசிலிக்கேற் என்று எழுதியிருக்கும் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் விரியும். அதனால்தான் ஆய்வுகூடங்களில் அதைப் பாவிக்கிறார்கள். வாங்கினால் அதை வாங்குங்கள். அதிலும் கீறலோ விளிம்பு உடைவோ கண்டால் சுடுதண்ணீருக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

"கோப்பையை முதல்ல சூடாக்கணும் எண்டு யூடியூபில சொல்றாங்க. எங்கட வெக்கைக்கு அது தேவையா அண்ணே?"

தடித்த மக் என்றால் தேவை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 கிராம் எடையுள்ள பீங்கான் மக், அறைச்சூடு 30 பாகை. அதில் 100 பாகையில் 200 மில்லிலீற்றர் ஊற்றினால், மக்கும் தண்ணீரும் சூட்டைப் பங்கிட்டு 84 பாகை அளவில் வந்து நிற்கும். 120 கிராம் மெல்லிய கோப்பையில் அதே தண்ணீர் 92 அளவில் நிற்கும். முறுக்கிய கறுப்பு இலைக்கு இந்த வித்தியாசம் பெரிது. 84 இல் ஊறியது வெளிறிப்போய், வாசமில்லாமல் இருக்கும்.

செய்வது எளிது. கேத்தல் கொதித்ததும் முதலில் கோப்பையில் கால்வாசி ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். அப்புறம் இலை, அப்புறம் தண்ணீர். மெல்லிய கோப்பைக்கு இதை விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

"பச்சைத் தேயிலைக்கும் இதே கோப்பையா? எனக்கு எப்பவும் கைக்குது."

இதே கோப்பைதான், ஆனால் மேலே சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 பாகை போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதால்தான் கைக்கிறது. தடித்த மக்கைச் சூடாக்காமல் எடுத்து, முதலில் கொதிதண்ணீரை மட்டும் ஊற்றி 3 நிமிடம் திறந்தபடி வையுங்கள். மக்கே சூட்டைக் குறைத்துத் தரும். பிறகு இலையை மேலே தூவி 2 நிமிடத்தில் எடுங்கள்.

"பால்மா போட்டுக் குடிக்கிற எங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

பால் தேத்தண்ணிக்கு பி.ஓ.பி. அல்லது தூள்தான் பொருத்தம். பாலைத் தாண்டி ருசி தெரிய அந்தச் சாயம் வேண்டும். பெரிய இலையில் பால்மா போட்டால் காசு வீண், இது விற்பவனாகவே சொல்கிறேன். இலையை வெறுந்தேத்தண்ணியாகக் குடியுங்கள். சீனியைக் கரைக்காமல், பனங்கட்டியோ கருப்பட்டியோ கடித்துக்கொண்டு குடிப்பவர்களுக்கு இலைத் தேயிலை இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

"மேலே ஆடை மாதிரி ஒண்டு படியுது, கோப்பையிலயும் கறை. கோப்பையில பிழையா, தேயிலையில பிழையா?"

இரண்டிலும் இல்லை, தண்ணீரில். கிணற்றுத் தண்ணீரில், முக்கியமாகக் கரையோரத்துக் கிணறுகளில், கல்சியமும் பைகாபனேற்றும் கூடுதலாக இருக்கும். அவை தேயிலையின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து காற்றுப் படும் மேற்பரப்பில் ஆடையாகப் படியும். அதுவே கோப்பையின் சுவரில் ஒட்டினால் பழுப்புக் கறை. வடிகட்டி விற்கும் குடிதண்ணீரிலோ, நன்கு கொதித்து அடியில் வெள்ளை படிந்த பிறகு மேலாக எடுத்த தண்ணீரிலோ போட்டால் குறையும். இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் ஆடை மறைந்துவிடும், நிறமும் வெளிறும்.

கறைக்கு அப்பச் சோடாவை ஈரத்துணியில் தொட்டுத் தேயுங்கள். கம்பிச் சுருளால் உரசாதீர்கள். மேற்பூச்சில் கீறல் விழுந்தால் அடுத்த கறை அந்தக் கீறலுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க ஏலாது.

"கந்தோருக்குக் கொண்டுபோக சுடுதண்ணிப் போத்தல்லயே இலையைப் போடலாமா?"

வேண்டாம். அது சூட்டை விடாமல் வைத்திருப்பதால் இலை மணிக்கணக்கில் அவிந்துகொண்டே இருக்கும், பத்து மணிக்குத் திறந்தால் கசாயம். வீட்டில் வடித்துச் சாயத்தை மட்டும் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் போத்தலில் வெறும் சுடுதண்ணீர், பையில் கொஞ்சம் இலை, மேசையில் வலைக்கூடையோடு ஒரு கோப்பை. எனக்கு இரண்டாவதுதான் விருப்பம்.

"தயிர்ச் சட்டி மாதிரி மண் கோப்பை வருது. அதில குடிச்சா ருசியாமே?"

மேற்பூச்சு இல்லாத மண் உறிஞ்சும். எருமைத் தயிர் சட்டியில் இறுகி நிற்பதற்கு அது ஒரு காரணம், தண்ணீர்ப் பிடிப்பைச் சட்டி இழுத்துக்கொள்கிறது. தேத்தண்ணியையும் அப்படியே இழுக்கும், முதல் சில முறை மண் வாசமும் வரும். அந்த வாசத்தை விரும்புகிறவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். ஒரே ஒரு வகைத் தேயிலைக்கு மட்டும் ஒதுக்குங்கள், சவர்க்காரம் போடாமல் சுடுதண்ணீரால் கழுவி வெயிலில் காயவையுங்கள். சீனாவில் யிசிங் மண் கேத்தல்களை இப்படித்தான் ஒரு கேத்தலுக்கு ஒரு தேயிலை என்று வைத்திருப்பார்கள். தயிர் முடிந்த சட்டியை மட்டும் எடுக்காதீர்கள், அந்தக் கொழுப்பு மணம் போகவே போகாது.

"எனாமல் கோப்பை, மெலமைன் கோப்பை?"

எனாமல் முழுதாக இருந்தால் நல்லது. விளிம்பில் பெயர்ந்து உள்ளிருக்கும் இரும்பு தெரிந்தால், இரும்பும் தேயிலையின் துவர்ப்பும் சேர்ந்து சாயம் கறுத்துவிடும், நாக்கில் இரும்பு ருசி தட்டும். மெலமைன் தட்டில் சோறு சாப்பிடுங்கள், கொதிதண்ணீர் ஊற்றாதீர்கள். 70 பாகைக்கு மேல் அதிலிருந்து வேண்டாத இரசாயனம் கூடுதலாக இறங்கும், புளிப்புச் சேர்ந்தால் இன்னும் கூட.

"மூடியும் தட்டும் சேர்ந்த சின்னச் சீனக் கோப்பை ஒண்டு பார்த்தன் நானா. வாங்கலாமா?"

அதன் பெயர் கைவான். 100 முதல் 150 மில்லிலீற்றர் பிடிக்கும், இலை நிறைய, நேரம் குறைவாக, பல தடவை ஊற்றிக் குடிக்கும் முறைக்கானது. மூடியைச் சற்றுச் சாய்த்து இலையைத் தடுத்து வடிப்பார்கள். முதல் கேள்விக்குச் சொன்ன மூன்று விஷயமும் ஒரே பாத்திரத்தில் அமைந்திருக்கிறது, அந்த வகையில் மிக அழகான அமைப்பு. ஆனால் விளிம்பு சுடும், கை பழக நாள் எடுக்கும். நம் ஓ.பி. இலையை அதில் போட்டால் முதல் ஊற்றில் அரை நிமிடம் காணும், இரண்டாவதும் நன்றாகவே வரும், மூன்றாவதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டுக்கு நான் விற்கமாட்டேன்.

"ஓகஸ்ட் மாதத் தேயிலைக்கு விலை கூடச் சொல்றீங்க. அதுக்குத் தனிக் கோப்பையா?"

செங்கலடியிலிருந்து ஏ5 வீதியில் ஏறினால் பதுளை, அதைச் சுற்றி ஊவாத் தோட்டங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை நமக்கு இங்கே வெக்கையைக் கொண்டுவரும் அதே கச்சான் காற்று, அந்தச் சரிவுகளையும் வறட்டிக்கொண்டுதான் இறங்குகிறது. அந்த வறட்சியில் பறிக்கும் கொழுந்தில், மென்தோல் மாதிரி மூக்கில் ஏறும் வாசம் ஒன்று வரும். ஊவாவின் பெயரே அதில்தான்.

தனிக் கோப்பை வேண்டாம், ஆனால் மூடாமல் போட்டால் கூடக் கொடுத்த காசு ஆவியில் போய்விடும். வாய் பரந்த கிண்ணம் போன்றதை விட்டுவிட்டு, வாய் ஒடுங்கின மெல்லிய பீங்கானை எடுங்கள். முன்பே சூடாக்கி, சோசரால் மூடி, 3 நிமிடத்தில் பாருங்கள். சோசரைத் தூக்கும்போது முகத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள்.

"அறுகம்பையில விருந்தினர் விடுதி வச்சிருக்கன். வாறவங்க இலைத் தேயிலை கேக்கிறாங்க. என்ன வாங்கி வைக்கிற?"

300 மில்லிலீற்றர் வெள்ளை மக், அதற்கு அளவான எவர்சில்வர் வலைக்கூடை, மூடவும் பிறகு கூடையை எடுத்து வைக்கவும் ஒரு சோசர். எல்லா மக்கும் ஒரே அளவில் வாங்குங்கள், அப்போதுதான் கூடை மாறிப் போனாலும் பொருந்தும், ஒன்று உடைந்தாலும் மாற்று எடுக்கலாம். கூடையை மக்கிலேயே விட்டு மேசைக்கு அனுப்புங்கள். எப்போது தூக்குவது என்று அவர்களே தீர்மானிக்கட்டும், சிலர் 2 நிமிடத்தில் எடுப்பார்கள், சிலர் 6 நிமிடம் விடுவார்கள். பால் கேட்டால் தனியாகக் கொடுங்கள்.

"உம்மம்மாட காலத்துப் பூப்போட்ட கோப்பை கிடக்கு. அதில ஊத்திக் குடிக்கலாமா?"

பூ வெளிப்பக்கம் மட்டும், உள்ளே சுத்த வெள்ளை, வெடிப்பில்லை என்றால் எப்போதாவது குடிக்கலாம். உள்ளேயோ உதடு படும் விளிம்பிலோ நிறம் இருந்தால் வேண்டாம். பழைய காலத்து நிறப் பூச்சுகளிலும் மேற்பூச்சிலும் ஈயம் சேர்த்திருக்கக்கூடும். பூ மங்கித் தேய்ந்திருந்தாலோ, சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தாலோ அது சாயத்தில் இறங்கும். தேசிக்காய் பிழிந்த தேத்தண்ணிக்கு அதை ஒருபோதும் எடுக்காதீர்கள், புளிப்பில் ஈயம் இன்னும் வேகமாக இறங்கும்.

பொன் விளிம்பு உள்ளதை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது, பொறி பறக்கும். கோப்பை உடையாமல் இருந்தால், விருந்தாளிகள் வரும்போது மேசையில் பனங்கட்டித் துண்டுகளைக் கடதாசியில் சுற்றி அதில் போட்டு வையுங்கள்.